"சமாளிக்கிறோம்" என்று எழுதிய கவுண்டி

செவ்வாய் காலை அயோவா ஆளுநர் ஆறு கவுண்டிகளை, அதாவது மாவட்டங்களை, வெள்ளப் பேரிடர் பகுதியாக அறிவித்தார். பட்டியலில் எங்கள் கவுண்டி இல்லை. என் இரும்புக்கடை வாசலிலிருந்து பார்த்தால் எப்போதும் ஆறு தெரியாது. அன்று தெரிந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் எங்கள் பேரிடர் அலுவலர் டெனிஸ் கோல்ட்ஹாஃப். நிலைமை எங்கள் சக்தியை மீறிவிட்டது என்று கவுண்டி எழுதிக் கேட்டால்தான் ஆளுநர் அறிவிப்பார். ஆனால் எங்கள் கவுண்டி வாரியத் தலைவர் ஆர்வில் டியாடன் அந்தப் படிவத்தில், "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று எழுதி அனுப்பியிருந்தார்.

அயோவாக்காரன் வேறென்ன எழுதுவான்? கால் ஒடிந்து கிடப்பவனைக் கேட்டாலும் இங்கே அதே பதில்தான். ஆளுநர் அலுவலக வக்கீல் சிகாகோவிலிருந்து வந்தவராம். அப்படியே நம்பிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு டெனிஸ் கடைக்கு வந்தாள்.

"மெர்ல், குடிதண்ணி நிலையத்துல வெள்ளத்தை வெளிய இறைக்கிற ரெண்டு பம்ப்ல ஒண்ணு போயிடுச்சு. நாளைக்கு மத்தியானம் வெள்ளம் உச்சத்துக்கு வருது. மாநிலக் கிடங்குல பெரிய பம்ப் இருக்கு. பட்டியல்ல பேர் இருந்தாதான் அனுப்புவாங்க. அஞ்சு மணிக்குள்ள புதுப் படிவம் போகணும். ஆர்வில் கையெழுத்துப் போட மாட்டேங்கறார்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஆர்வில் சொன்ன விலையைக் குறைச்சு வாங்கின ஒரே ஆள் நீங்கதானாமே."

உண்மைதான். ஆர்வில் பழைய டிராக்டர்களை ஏலம் விடுகிறவர். அவரிடம் ஒரு கலப்பை வாங்க எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. இப்போது இருந்தது நாலு மணி நேரம். நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தால் மூவாயிரம் பேருக்குக் குழாயில் தண்ணீர் வராது. ஆஸ்பத்திரியையும் காலி செய்ய வேண்டும்.

டெனிஸோடு போனேன். காலையெல்லாம் மணல் மூட்டை அடுக்கிவிட்டு, சேற்று பூட்ஸோடு வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார் ஆர்வில்.

"கையேந்தச் சொல்லத்தானே வந்தே?" என்றார்.

"சேச்சே. கையெழுத்தே போடாதே. லாட்டிமர்காரங்க நேத்தே போட்டுட்டாங்க. மிச்சப் பம்ப்பும் அவங்களுக்கே போகட்டும்."

லாட்டிமர், ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கும் கவுண்டி. கால்பந்தில் இருபது வருடப் பகை.

"போனா போகட்டும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊருக்குள்ள நிக்கிற தண்ணியை இறைச்சு ஆத்துல விடுவாங்க. ஆறு அங்கேர்ந்து எங்கே வருது?"

ஆர்வில் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவனுங்க தண்ணியை நம்ம மேல தள்ளுவானுங்களா?"

"சும்மா தள்ளுவாங்களா? ஆளுநர் பம்ப்ல தள்ளுவாங்க."

படிவத்தை இழுத்தார். 'எங்கள் சக்தியை மீறிவிட்டது' என்ற வரி வந்ததும் பேனா நின்றது. பல் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரி கண்ணை மூடித் திறந்து எழுதினார்.

"எத்தனை பம்ப் வேணும்?"

"ரெண்டு," என்றாள் டெனிஸ்.

"அப்போ நாலுன்னு எழுது. ஒரு நாளாவது ஏலத்துக்கு வந்திருக்கியா நீ?"

நாலு நாற்பதுக்கு ஆளுநர் பட்டியலைத் திருத்தி எங்களைச் சேர்த்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டு பம்ப் வந்தன. மறுநாள் மதியம் பம்புகள் இறைக்க இறைக்க, வெள்ளம் நிலையத்தின் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே நின்றது. குழாயில் தண்ணீர் நிற்கவே இல்லை.

அடுத்த வாரம் ஆளுநர் நேரில் வந்தார். மத்திய அரசிடம் உதவி கேட்கலாமா என்று பார்க்கத்தான்.

"சேதம் எப்படி, மிஸ்டர் டியாடன்?"

"பரவா..." என்று ஆரம்பித்தார் ஆர்வில். டெனிஸ் இருமினாள்.

"ரொம்ப மோசங்க," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு தலையைத் தூக்கினார். "லாட்டிமரை விட மோசம்."