கையைத் தூக்கு

இந்தக் காலத்தில் திருடனைப் பிடித்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். தண்ணீர் வேண்டுமா தம்பி என்கிறார்கள். சின்ன வயதில் உனக்கு என்ன குறை என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். முதுகில் நாலு வைத்தால் தானாக வெளியே வந்து விழுகிற உண்மைக்கு எதற்கு இத்தனை காகிதம் என்பது கேட்டுக்காரரின் கட்சி. பித்தளைக் குழாய்த் தொழிற்சாலை வாசலில் முப்பத்தோரு வருடம் காவல் நின்றவர் அவர். சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகிறவர்கள் வரிசையில் வந்து கையைத் தூக்க வேண்டும். அக்குளிலிருந்து கணுக்கால் வரைக்கும் இவர் கை ஒரு தடவை இறங்கும். அந்தக் கைக்குத் தப்பி ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை. பதினோரு பேரைப் பிடித்திருக்கிறார். மணிக்கட்டைப் பிடித்து ஆபீஸ் அறை வரைக்கும் நடத்திக்கொண்டு போவார். எப்பேர்ப்பட்ட முரடனாலும் அந்தப் பிடியை உதற முடியாது. ஏன் எடுத்தாய் என்று ஒருவனைக்கூடக் கேட்டதில்லை. எடுத்தான், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவர் இன்றைக்குச் சிறுவர் இல்லத்தின் வாசலில் தன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. தடவியவன் மீசை சரியாக முளைக்காத காவலாளி.

"இடுப்புக்குப் பின்னால தொடவே இல்லையேப்பா. ஒரு குழாயையே சொருகிட்டுப் போகலாம் போலிருக்கே. அதுவும் உள்ள வர்றவனை எதுக்குத் தடவுறே? திருடன் வெளிய போகும்போதுதான்யா திருடன்."

"இங்க சட்டம் அப்படி, பெரியவரே" என்று சிரித்தான் அவன்.

"அப்பா, வந்த இடத்துலயாவது வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் மகள். எட்டு நாளாக அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

உள்ளே இருப்பது அவளுடைய மகன். பதினாறு வயது. எட்டு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், இரண்டு கூட்டாளிகளோடு ஒரு கிடங்குக்குள் ஏறிக் குதித்து, அங்கே காவல் இருந்த கிழவரின் மண்டையை இரும்புக் கம்பியால் பிளந்துவிட்டான். கிழவர் கண் திறக்கவே நான்கு நாளாயிற்று. திருட்டைக்கூடக் கேட்டுக்காரர் ஒருவேளை செரித்திருப்பார். தன்னைப் போலவே வாசலில் நின்று சோறு தின்னும் ஒருவனை அடித்ததைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

நன்னடத்தை அலுவலர் என்று பலகை மாட்டிய அறையில் இருந்தவள் மகளைவிடச் சின்னவள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. வீட்டுக்குப் பெரியவர், பையனைப் பொறுப்பெடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவள் எழுதலாம். இல்லாவிட்டால் மூன்று வருடம் உள்ளேதான். வீடு கேட்டுக்காரருடையது. ஆகவே கையெழுத்தும் அவருடையது.

"பையனோட அப்பா விட்டுட்டுப் போனப்போ அவனுக்கு என்ன வயசுங்கய்யா?"

"ரெண்டு. அவன் போனதுல வீட்டுக்கு அரிசிதான் மிச்சம்."

"உங்க தெருவுல இந்த வயசுப் பசங்க நிறையப் பேரு படிப்பை விட்டவங்க. வேலையும் இல்லை. கூட்டாளிங்க ரெண்டு பேரும் அப்படித்தான்."

"எங்க தெருவுல நாப்பது வீடு இருக்கும்மா. நாப்பது வீட்டுப் பசங்களும் மண்டையை உடைக்கலையே. வேலை இல்லாதவன் எல்லாம் திருடக் கிளம்பினா, ஊர்ல வேலையில இருக்கறவன் போலீஸ்காரன் மட்டும்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததை அவர் கவனித்தார். கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"ஒன்பதாவதுல வாத்தியார் ஃபோன் காணாமப் போச்சுன்னு இவன் பையை மட்டும் கொட்டிப் பாத்திருக்காங்க. அதுக்கப்புறம் அவன் பள்ளிக்கூடம் போகலை."

"நெருப்பில்லாம புகையுமா?"

"ஃபோன் அந்த வாத்தியார் வண்டிக்குள்ளதான் இருந்துச்சுப்பா" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அலுவலர் ஒரு தாளைப் புரட்டினாள். "ஞாயித்துக்கிழமை அவங்க எதையும் எடுக்கலை. உள்ள பூட்டு உடையலை. வெறுங்கையோடதான் சுவரேறி வெளிய குதிச்சிருக்காங்க. காவலாளி பாத்துட்டார். மத்த ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. இவன் மட்டும் நின்னுட்டான்."

"ஏன் ஓடலை?"

கேட்ட பிறகுதான் கேட்டுக்காரருக்கு உறைத்தது, ஏன் என்ற சொல் தன் வாயிலிருந்து வந்திருக்கிறதென்று.

"கையைத் தூக்குன்னாராம். தூக்கிட்டு நின்னானாம். அவர் கை அக்குளுக்குக் கீழ பட்டதும் சுவரோரம் கிடந்த கம்பியை..." அவள் தாளைப் பார்த்தே படித்தாள். "'அதுக்கப்புறம் எனக்கு ஆளு தெரியலை. கை மட்டும்தான் தெரிஞ்சுது.' இப்படித்தான் சொல்லியிருக்கான்."

"எந்தக் கை?"

அவள் தாளை மூடி வைத்தாள். மேஜைமேல் கிடந்த தன் வலது கையை அவர் பார்த்தார். புறங்கை நரம்பு புடைத்திருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அது அங்கே இருந்தது.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மூன்று வயதில், வெளியே போய்விட்டு வந்தால் வாசல்படியிலேயே பையன் தானாகக் கைகளைத் தூக்குவான். அக்குளில் விரல் பட்டதும் வயிறு குலுங்கச் சிரிப்பான். "ஒண்ணுமில்லே தாத்தா, ஒண்ணுமே இல்லே" என்று கத்துவான். பிறகு பள்ளிக்கூடப் பை வந்தது. சட்டைப்பை வந்தது. சிரிப்பு எந்த வருடம் நின்றதென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தடவுகிற கைக்குப் பொருள் இருக்கிறதா என்பதுதான் தெரியும். சிரிப்பு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. போன வாரம்வரை சாயங்காலம் வந்தால் வாசலில் நின்று, சுவரைப் பார்த்தபடி, அவரைவிட ஒரு சாண் உயரமான ஒருவன் பேசாமல் கைகளைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாளும் ஒன்றும் கிடைத்ததில்லை. கிடைக்காததற்குக் காரணமே தான் தடவுவதுதான் என்று நினைத்திருந்தார்.

தண்ணீர் வைத்திருந்தார்கள். எடுக்கவில்லை.

"இங்க பாரும்மா. முப்பத்தோரு வருஷம், தினமும் அறுநூறு பேரு. ஒருத்தன் என்மேல கை நீட்டினது கிடையாது. தடவினதுக்கு ஒருத்தன் கொலைகாரன் ஆவான்னா, அந்த ஊரே சுடுகாடா ஆகியிருக்கணும்."

"அவங்க உங்களைத் தாண்டி வீட்டுக்குப் போனாங்கய்யா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "இவனுக்கு அதுதான் வீடு."

மகள் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"பத்து மணி நாளைக்குத்தானே" என்று கேட்டுக்காரர் எழுந்துகொண்டார்.

வாசலுக்கு வந்ததும் அவர் கைகள் தாமாக மேலே போயின. காவலாளி பதறி, "வெளிய போறவங்களை நாங்க பாக்குறதில்லை, பெரியவரே. போங்க" என்றான்.

"அதான் சொல்றேன், உங்க யாருக்கும் வேலை தெரியலை."

தெருவில் இறங்கி நடந்தார். காரணமாம் காரணம் என்று முனகினார். அடித்தவன் அடித்தான், அவ்வளவுதான். படித்தவர்கள் பேச ஆரம்பித்தால் கம்பியை விட்டுவிட்டு, கம்பி செய்த கொல்லனைத் தேடுவார்கள். எதிரே வந்த ஒரு சின்னப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு போனாள். சாலையைக் கடந்து, வெயிலில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார் கேட்டுக்காரர், தன் வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்தபடி.