கோல் கம்பங்களுக்கு நடுவே வெறும் அட்டை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ரயிலில் கிடைத்தது. எதிர் சீட்டுக்காரர் மடியில் ஒரு ஷூ பெட்டி மூடி. அதில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த மைதானம். விரிசல் விட்ட கேலரி, விளக்குக் கம்பம், கம்பத்தின் மேல் ஒரு காக்கா* வரை அச்சு அசல். கோல் கம்பங்களுக்கு நடுவில் மட்டும் வெறும் அட்டை. அதில் ஒரே ஒரு சின்ன வளைந்த கோடு.

"இது ஏங்க காலி?"

"அதுவா சார்..." என்று சிரித்தார். ஆம்பூர் வந்துவிட்டது. இறங்கிவிட்டார்!

வாராவாரம் தொடர்கதையைக் கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்தி வாசகர்களைத் தவிக்க விட்டவன் நான். எனக்கே அதைச் செய்துவிட்டார் மனிதர். ஆகவே மீதி கற்பனை.

(* காக்கா மட்டும் நிஜம். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.)

2

முதல் வரி: "டுமீல்!" வேண்டாம். கால்பந்தில் துப்பாக்கி எதற்கு?

அடுத்தது: "பாலாற்றின் மேல் சூரியன் தயங்கித் தயங்கி..." அடித்துவிட்டேன். சூரியனுக்கு இதில் வேலையே இல்லை.

மூன்றாவது: இன்பராஜ் கேலரியின் மேல்படிக்கு ஓடினான்.

இது போதும். ஓடுகிறான் அல்லவா? பின்னாலேயே வாருங்கள்.

3

இன்பராஜ் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷன். ஞாயிறு வந்தால் ஷூ பெட்டி மூடியில் மைதானத்தை வரைய உட்கார்ந்துவிடுவான். எத்தனை வரைந்தாலும் அலுக்காத பைத்தியம். மனைவி ஹெலன் அதே கம்பெனியில் தையல் செக்‌ஷன். ஊர்ப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். அரையிறுதியில் அவள் பறந்து பந்தைத் தட்டியபோது இவன் குனிந்து விளக்குக் கம்பத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தான். ஊரே பார்த்தது. புருஷன் பார்க்கவில்லை.

இன்று ராணிப்பேட்டை அணியோடு இறுதி ஆட்டம்.

"யோவ், இன்னிக்கு நான் பந்தைப் புடிக்கிறதை வரையணும். மறுபடி கம்பத்துக்கு நிழல் போட்டுக்கினு இருந்தே..."

"இருந்தா?"

"அந்தக் கம்பத்தோடவே குடும்பம் நடத்து. சோறும் அதுவே போடும்."

சிரித்துத்தான் சொன்னாள். கையுறையை மாட்டும்போது சிரிப்பு இல்லை.

(எனக்கு ஹெலன் மேல் ஒரு சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரிக்குப் புருஷன் பார்த்தால்தான் ஆச்சா? அவளையே கேட்டேன். "நீங்க எழுதறதை உங்க வூட்ல யாராச்சும் படிக்கிறாங்களா சார்?" என்றாள். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.)

4

கடைசி நிமிடம். ஆம்பூர் ஒரு கோல் முன்னிலை. விசில்! ராணிப்பேட்டைக்குப் பெனால்டி!

ஹெலன் தடுத்தால் கோப்பை. விட்டால் சமன், இந்த ஊர் வழக்கப்படி டாஸ் போடுவார்கள். போன வருஷம் டாஸில்தான் கோப்பை போயிற்று.

பக்கத்தில் சூப்பர்வைசர் வக்கார் அகமது நகத்தைக் கடித்தார். "இன்பா, பேனாவை மூடுய்யா. பேஜாரா கீது."

"கோல் கம்பம் போட்டாச்சு பாய். ஆள் மட்டும் பாக்கி."

"நிமிந்து பாரு தோஸ்த்! வரையறதை அப்புறம் வரை!"

நிமிர்ந்தான். இமைக்கவில்லை. ராணிப்பேட்டை மோகனா பந்தை வைத்தாள். பின்னால் நடந்தாள். ஓடி வந்தாள். ஹெலனின் இடது முழங்கால் மடங்கியது. ஆகா, அந்த மடிப்பு! கை தானாக ஒரு கோட்டை இழுத்தது. கோடு சரியாக விழுந்ததா என்று பார்க்க, ஒரே ஒரு கணம் அவன்

கேலரி இடிந்து விழுவதுபோல் ஒரு கத்தல்!

5

பிடித்தாளா? விட்டாளா?

எனக்கும் தெரியாது. நான் அந்த முழங்கால் வரியை எழுதிக்கொண்டிருந்தேன். குனியாமல் எழுத முடியுமா?

முடிவு அ: தோளில் தூக்கிய தோழிகளிடமிருந்து குதித்து ஹெலன் கேலரிக்கு ஓடி வருகிறாள்.

முடிவு ஆ: டாஸ் காசு மேலே பறக்கும்போதே ஹெலன் கேலரிக்கு ஓடி வருகிறாள்.

எதை எடுத்தாலும் படியேறி மூச்சு வாங்க அவள் கேட்பது ஒன்றுதான்.

"பாத்தியா?"

இன்பராஜ் மூடியை நீட்டுகிறான்.

"இது இன்னாது?"

"உன் முழங்கால்."

ஹெலன் அந்தக் கோட்டையே பார்க்கிறாள். பேனாவைக் கீழே போட்டுவிட்டு, இன்பராஜ் அவள் முகத்தையே பார்க்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள்.

அதை எழுதக் குனிந்தால் அந்த முகத்தைத் தவறவிடுவேன். மாட்டேன். நீங்களும் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுங்கள். சீக்கிரம்!