சூடேறும் வரை

புதிதாக வந்த பிந்துவின் கணினியை வெங்கிட்டு தானே மாடிக்குத் தூக்கி வந்தார். தான் வேலைக்குச் சேர்ந்த மூன்று மழைக்காலங்களில் அவர் ஒரு ஸ்டூலை நகர்த்திக்கூட மகா பார்த்ததில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் இஞ்சிக் கிடங்குக்கு மேலேதான் அவருடைய ஒலிப்பதிவு அறை. அலமாரி போல நின்ற சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவிக்கு உடம்பெல்லாம் துளை, துளையெல்லாம் வயர். பக்கத்தில் எட்டுக் குமிழ் வைத்த வோல்டேஜ் பெட்டி. குமிழைத் திருகினால் மின்னழுத்தம் ஏறும், கூடவே சுரமும் ஏறும். காதால் கேட்டுக் கேட்டு எட்டையும் நிறுத்திப் பொத்தானை அமுக்கினால், பெட்டி அதை மறக்காது. பாதியில் பள்ளியை விட்ட மகாவுக்கு ஆட்களோடு நிமிர்ந்து பேச வராது. அந்தக் குமிழ்களோடுதான் அவள் பேச்சு.

பிந்து திரையில் மவுசால் சுரங்களை வரைந்தாள். கணினி அவற்றை எண்களாக மிடி என்ற இசைக்கருவி வயரில் அனுப்ப, நடுவில் ஒரு குட்டிப் பெட்டி அவற்றை மின்னழுத்தமாக்கிக் கொடுத்தது. எட்டுச் சுரம் என்ன, முழுப் பாட்டே ஓடியது.

"கண்டியா மகா? நீ காலம்பற முழுக்கத் திருகறத இவ ஒரு சாயா குடிக்கறதுக்குள்ள முடிச்சுட்டா" என்றார் வெங்கிட்டு.

"சேச்சி குமிழ் திருகுறது காண நல்ல ரசமாக்கும் அண்ணா" என்று பிந்து சிரித்தாள். மகா குமிழ்களிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நகைக்கடை விளம்பர மெட்ட ரெண்டு பேரும் போட்டுக் காட்டுங்கோ. நன்னா இருக்கறவா இங்க இருக்கட்டும். ரெண்டாள் எனக்குத் தாங்காது" என்றார் வெங்கிட்டு.

மழை ஈரத்தில் அந்த இயந்திரம் சூடேறும்வரை சுரம் வழுக்கும். அதனால் மகா தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து அதை ஓடவிட்டு வைப்பாள். தாமதமாக வரும் வெங்கிட்டுவுக்கு இது தெரியாது. மறுநாள் அவள் முன்னால் போய் அதை ஓடவிடவில்லை. எதிர்ச் சாயாக்கடையில் ஒதுங்கி, வெங்கிட்டுவும் பிந்துவும் படியேறுவதைப் பார்த்த பிறகே போனாள்.

பிந்து இயந்திரத்தைப் போட்ட கையோடு மெட்டை ஓடவிட்டாள். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாம் வரியில் ஒவ்வொரு சுரமும் பாசிப்படியில் கால் வைத்தது போலச் சறுக்கியது. திரையில் எண்களெல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"என்னடீ இது, பல்லு கூசறது" என்றார் வெங்கிட்டு.

பிந்து வயர்களைப் பிடுங்கிச் செருகினாள், எண்களை மாற்றிப் பார்த்தாள், கடைசியில் எழுந்துகொண்டாள். அதற்குள் இயந்திரம் சூடேறிவிட்டது. மகா உட்கார்ந்து குமிழ்களைத் திருகினாள். வெங்கிட்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

"இதாண்டீ எனக்கு வேண்டியது."

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பிந்து, சூடேறியிருந்த சிந்தசைசரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு மகாவைப் பார்த்தாள். மகா தரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒருக்கக்கூடி நோக்கட்டா அண்ணா?" என்று பிந்து இன்னொரு வாய்ப்புக் கேட்டாள்.

"நோக்கு, நோக்கு. எனக்கென்ன."

மறுநாள் இஞ்சி வண்டி வருவதற்கு முன்பே மகா மாடிக்கு ஓடினாள். கதவில் பூட்டு இல்லை. உள்ளே யாரும் இல்லை. மூலையில் பிந்துவின் குடை தரையை நனைத்துக்கொண்டிருந்தது. சிந்தசைசரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மகா அதன் மேல் கை வைத்தாள். வெகுநேரமாக ஓடிக்கொண்டிருக்கும் சூடு.

கீழே படியில், இரண்டு சாயா கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. வெங்கிட்டு வர இன்னும் நேரம் இருந்தது. மகா கையை எடுக்கவில்லை.