ஆறாத இரும்பு

லாரியிலிருந்து இறக்கிய இன்ஜின் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. எண்ணெயை வடித்து, பிஸ்டன்களையும் கிராங்க்கையும் உருவி எடுத்த பிறகு மிஞ்சிய வெறும் இரும்புக் கூடான பிளாக், வீட்டு முன்னறையில் இரண்டு கட்டைகளின் மேல், காய்ச்சல்காரன் நெற்றிபோல் வெதுவெதுப்பாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதன் மேல் குட்டி போட்டது. ஈரத்துணியை விரித்தால் மதியத்துக்குள் காய்ந்தது. டிரைவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் ஓடினது, ஆற நேரமெடுக்கத்தான் செய்யும் என்றார்.

அவர் மனைவியால் அப்படி விட முடியவில்லை. அவளுடைய பூப்போட்ட போர்வையைக் கிழித்துத்தான் அவர் ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்தார். சமையலறையில் நிற்கும்போது முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்கும்: "என்ன, வலிக்குதா? இன்னும் கொஞ்சந்தான்." அவளுக்கு மணிக்கட்டு முறிந்தபோது அவர் கேட்டது, "எப்படி விழுந்த?" என்பது மட்டும். போட்டிக்கு வந்தது இன்னொரு பெண்ணாக இருந்தால் தங்கையிடமாவது சொல்லி அழலாம். இரும்பைப் பற்றி எப்படிச் சொல்வது? சிரிப்பார்களே என்று நினைத்து அவளே ஒருமுறை சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பிளாக்கில் பிஸ்டன் ஓடும் ஆறு துளைகளும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. அவற்றைப் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும். லேத் பட்டறைக்காரரை எல்லோரும் நூலண்ணன் என்பார்கள். அளவு ஒரு நூல் பிசகினாலும் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். சூட்டில் இரும்பு விரியும், விரிந்ததைக் கடைந்தால் ஆறினபின் துளை சுருங்கிவிடும், அதனால் ஆறட்டும் என்று அவர் காத்திருந்தார். ஒருநாள் வீட்டுக்கே வந்து துளைகளை அளந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. டிரைவரின் மனைவி தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனால் அளவுமானியின் ஊசி இறங்கியது, திரும்பி வந்தால் ஏறியது. "தங்கச்சி, கொஞ்சம் வெளிய போங்க. ம், இப்ப வாங்க" என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, விலை சொல்லும் குரலில் டிரைவரிடம் சொன்னார்: "சூடு இன்ஜின்ல இல்லப்பா. உன் வீட்டம்மாகிட்ட இருக்கு. அவங்களுக்கு இது மேல பொறாமை."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மில்லிமீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று கடைகளில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் அந்தக் கூச்சத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்ததை அவள் கவனித்தாள். இத்தனை வருஷம் கற்பனையோ என்று தானே சந்தேகப்பட்ட ஒன்றுக்கு ஓர் அளவு இருந்தது. ஊசி பொய் சொல்லாது.

கடைகிற நாளில் அவள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. இருந்திருப்பாள். ஆனால் அன்று காலை டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார். அவளோடு கல்யாண வீடுகளுக்குப் போகும்போதுகூடக் கசங்கின சட்டைதான். அவள் பின்னாலேயே போய், பட்டறைச் சுவருக்கு வெளியே காலி டிரம்களின் மறைவில் நின்றாள். உள்ளே மெஷின் ஓடி முடியும்வரை நகரவில்லை. அவள்தான் வரவில்லையே என்ற நம்பிக்கையில் நூலண்ணன் அன்றைக்குப் பிளாக்கைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. அளவு எல்லாம் கச்சிதம் என்று திருப்தியாகச் சாப்பிடப் போனார்.

வீட்டில் பிஸ்டன்கள் வழுக்கிக்கொண்டு இறங்கின. அவள்தான் பக்கத்தில் நின்று எண்ணெய்க் கிண்ணம் பிடித்தாள். இன்ஜின் முதல் தடவையிலேயே கிளம்பியது. மறுநாள் டிரைவர் தனியாகச் சுமை ஏற்றிக்கொண்டு போனார். ஊர் எல்லை தாண்டவில்லை, துளைகள் சுருங்கி பிஸ்டன்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. செய்தி கேட்டு அவளும் நூலண்ணனும் போனபோது, அவர் பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தார். அவள் அதைப் பார்த்தாள். இன்ஜினுக்குள் ஏதோ 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. கிராங்க் மறுபடி சுற்றியது.

நூலண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், கடைந்த அன்று அவள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள் என்று புரிந்துபோனது. தரையில் உட்கார்ந்து விஷயத்தை உடைத்துச் சொன்னார். இன்னும் ஒரு இழை கடைந்து கொடுக்கலாம். அப்போது அவள் இல்லாமல் ஓடும், அவள் ஏறினால் துளை விரிந்து தொளதொளத்துப் புகை தள்ளும். இப்படியே விட்டால் அவள் இல்லாமல் ஓடாது. "ரெண்டும் சேர்ந்து கிடையாது. எது வேணும்னு நீயே சொல்லு."

ரோட்டோரத்தில் அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மறுபடி மறுபடி அதப் போட்டுக் கடைய வேணாம்ணே. இப்படியே இருக்கட்டும். இவ வரட்டும்."

இரும்புக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியாததால்தான் வண்டி ஓடியது என்று நூலண்ணன் பிறகு சொல்வதுண்டு.

அதற்குப் பிறகு எல்லாச் சுமைக்கும் அவள் போனாள். பிள்ளைகள் படித்து முடித்தார்கள், டயர்கள் எத்தனையோ முறை மாறின. சோதனைச்சாவடிகளில் அவளை வண்டியின் ஒரு பாகம்போல் பார்க்கப் பழகிவிட்டார்கள். "ஹீட்டர் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். "உங்க அப்பன் வீட்டு ஹீட்டர்" என்பாள் அவள்.

ஒரு பிற்பகல், மலைப்பாதையில் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. டிரைவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, அவள் பக்கத்து வெயில் தடுப்பை இறக்கிவிட்டார். அவளுக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கியது. இன்ஜின் முனகியது, வேகம் செத்தது, லாரி வளைவில் திணறி நின்றுவிடப் பார்த்தது.

அவர் கொஞ்சநேரம் அதை அப்படியே விட்டார். பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒண்ணு இனிமே பொறக்காது. எனக்குன்னே வந்தது" என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார்.

அவள் உதட்டைச் சுழித்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். லாரி மேடேறியது.