மெட்ராசுக்குப் போன செவ்வரளி

முப்பத்து நாலு வயசு வரைக்கும் கல்யாணம் கூடிவராத சங்கையாவுக்கு ஒருவழியாக வைகாசி இருபதாம் தேதி முகூர்த்தம் குறித்தாயிற்று. ஐந்தாம் தேதி காலையில் முதுகு அரித்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முத்து முத்தாகக் கொப்புளம்.

மல்லாங்கிணற்றில் கயிற்றுக்கடை வைத்திருந்தான் சங்கையா. கிணற்றுக் கயிறோ மாட்டுக் கயிறோ, கேட்ட நீளத்துக்கு வெட்டித் தருவான். பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். நாலு வீட்டில் ஊமை என்றே நினைத்துவிட்டார்கள். ஐந்தாவதாகப் போனது நரிக்குடி அழகுத்தாய் வீட்டுக்கு. ஏழு வயதில் வந்த பெரியம்மை அவள் முகம் முழுக்கத் தழும்பை விட்டுவிட்டுப் போயிருந்தது. பார்க்க வந்த மகராசன்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று நழுவியவர்கள்தான். அதனால் அவள் தம்ளரை நீட்டும்போதே கேட்டுவிட்டாள்.

“மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிட்டீகள்ல? பெறகு பேச்சு மாறக்கூடாது.”

“பாத்துட்டேன். இன்னொருக்கா பாக்கணும், அதுக்குத்தான் தேதி குறிக்கச் சொல்றேன்” என்றான் சங்கையா.

இப்படி ஒரு பதில் தன் வாயிலிருந்தா வந்தது என்று திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மை வந்துவிட்டது.

அவனுடைய அம்மா சீனியம்மாள் வாசலில் வேப்பங்குலையைச் செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. பெரியம்மையை நாட்டை விட்டே ஒழிக்கிறோம் என்று சர்க்கார் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த எழுபத்து நாலாம் வருஷம் அது. சுகாதார இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கத்துக்கு வேப்பிலை கண்ணில் பட்டால் போதும், சைக்கிள் தானாக நின்றுவிடும்.

“பாத்தா சின்னம்மை மாதிரித்தான் இருக்கு. ஆனா நான் சொன்னாப் பத்தாது. காஞ்ச பொருக்க எடுத்து மெட்ராசுக்குச் சோதனைக்கு அனுப்பணும். சின்னம்மைன்னு தந்தி வந்தா தண்ணி ஊத்திட்டுத் தாலி கட்டட்டும். பெரியம்மைன்னா ஒரு மாசம் வீட்ட விட்டு அசையக்கூடாது. அதுவரைக்கும் வாசல்ல ஆளு நிக்கும்” என்றார். சொன்னபடியே பொன்ராஜ் என்று ஓர் ஆளைக் கம்போடு நிறுத்தினார்.

சீனியம்மாளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. “ஆத்தா போட்ட முத்தப் பிச்சு டப்பாவுல அடைக்கிறதா? அவ உத்தரவு குடுக்கட்டும், தாரேன்.”

உத்தரவு கேட்பதற்கு வழி இருக்கிறது. வெள்ளரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, விளக்குக்கு முன்னால் போட்டுவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். ஒன்பதாம் தேதி எடுத்துப் பார்த்தாள். வெள்ளை! அவளே உருகிப்போனாள். மகன் உடம்பில் உதிரும் பக்குவத்தில் இருந்த நாலு பொருக்கை வேப்பிலையால் தள்ளி எடுத்து, அதையும் அதே மாதிரி இலையில் மடித்து, விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“தொறந்து பாக்கப்படாது தம்பி. ஆத்தா கோவிச்சுக்குவா.”

கிடைத்ததே பெரிசு என்று அவரும் அப்படியே டப்பாவில் போட்டு முத்திரை வைத்து அனுப்பிவிட்டார்.

பதினாலாம் தேதி தந்தி வந்தது. சங்கரலிங்கம் தலையில் அடித்துக்கொண்டே வாசித்துச் சொன்னார். “பெட்டியில் இருந்தது செவ்வரளிப் பூ. பொருக்கு அனுப்பவும்.”

சீனியம்மாள் உள்ளே ஓடினாள். பொருக்கு இருந்த பொட்டணம் விளக்கு முன்னால் ஐந்து நாளாகச் சூடம் வாங்கிக்கொண்டு சுகமாக இருந்தது. உத்தரவு கேட்டபோது பிரிக்காமல் விட்ட பொட்டணம்தான் மெட்ராசுக்குப் போயிருக்கிறது. பொன்ராஜ் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சங்கையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை இன்ஸ்பெக்டரே திறந்து பார்த்து அனுப்பினார். ஆனால் பதில் இருபதாம் தேதிக்குள் வருமா? தேதி தள்ளினால் நரிக்குடியில் என்ன நினைப்பார்கள்? இவனும் கடுதாசி போடுகிறேன் என்று நழுவுகிற ஆள்தான் என்று அவள் நினைத்துவிடுவாளே! அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பதினேழாம் தேதி, சேதி கேள்விப்பட்டு நரிக்குடியிலிருந்து அழகுத்தாயே வந்து இறங்கினாள். பொன்ராஜ் கம்பைக் குறுக்கே நீட்டினான்.

“அம்மை வீடு தாயி. உள்ள விடமாட்டோம்.”

அவள் முக்காட்டை எடுத்துவிட்டு முகத்தை வெயிலுக்கு நேராகக் காட்டினாள். “நல்லாப் பாருங்கண்ணே. எனக்கு வந்து போயிருச்சு.”

அந்நேரம் அந்தப் பக்கம் வந்த சங்கரலிங்கம் சைக்கிளை விட்டு இறங்கினார். “விடுப்பா. பெரியம்மை ஒருக்கா வந்தவுகளுக்கு மறுபடி வராது. இந்தத் தெருவுலயே பயமில்லாம உள்ள போகக்கூடிய ஆளு இவுகதான். ஆனா, சின்னம்மையா இருந்தா ஒட்டிக்கிரும் தாயி.”

“ஒட்டுனா நானும் தண்ணி ஊத்திக்கிறேன்.”

அந்த முகத்துக்காக எத்தனையோ பேர் எழுந்து போயிருக்கிறார்கள். அதற்காக ஒரு கதவு திறந்தது அன்றைக்குத்தான். உள்ளே வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கையக் காட்டுங்க.”

காட்டினான். இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கு உள்ளங்கையெல்லாம் எறங்குச்சு. சோத்தப் புடிக்க முடியாது. உங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. இது சின்னம்மைதான். தேதிய மாத்த வேணாம்” என்றாள். கையை மட்டும் உடனே விடவில்லை. சீனியம்மாள் பார்த்தும் பாராதவளாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பதாம் தேதி தந்தி வந்தது. சின்னம்மை. சங்கரலிங்கம் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். அன்றைக்கே வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காயவைத்த தண்ணீரை ஊற்றினார்கள். பொன்ராஜ் கம்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பந்தக்கால் ஊன்றப் போனான்.

மறுநாள் மணையில் உட்கார்ந்த சங்கையாவின் முகம் முழுக்கக் கறுத்த புள்ளிகள். ஊரே தன்னைப் பார்ப்பதுபோல் கூசியது. தாலியைக் கையில் வாங்கியவன், குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிட்டேல்ல? பெறகு பேச்சு மாறக்கூடாது.”

“பாத்துட்டேன்” என்றாள் அழகுத்தாய். “இன்னொருக்கா பாக்கணும். சீக்கிரம் கட்டுங்க.”