ஐம்பத்தெட்டில் பதினொன்று

பதினொன்றா, முன்னால் இன்னொரு ஒன்றை யாராவது எழுத மறந்துவிட்டார்களா, நூற்றுப் பதினொன்றாக இருக்க வேண்டியதுதானே... அல்போன்சா நோட்டீஸ் போர்டை மூன்றாம் தடவை படித்தாள். தொழிலாளர் கமிட்டித் தேர்தல், தையல் பிரிவு, ஷில்பா நூற்று இருபத்தாறு, அல்போன்சா பதினொன்று. அட மாதாவே, இந்தப் பிரிவில் தமிழ்ப் பெண்கள் மட்டும் இவளையும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேர், அந்த ஐம்பத்தெட்டை நம்பித்தானே நின்றாள், கன்னட மண்ணில் இந்தப் பீன்யாவுக்கு வந்து பதினேழு வருஷம், லைன் சூப்பர்வைசர் ஆகி ஒன்பது வருஷம், தமிழ்க்காரிகளுக்கு ஒன்று என்றால் மேனேஜர் சேஷகிரியின் ரூமுக்குள் போவது யார், இவள்தானே, பதினொன்றில் ஒன்று இவளே போட்டுக்கொண்டது, ஆகப் பத்துப் பேர், வெறும் பத்தே பேர், மீதி நாற்பத்தேழு பேரும் காலையில் இவளைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பெல்லாம் என்ன சிரிப்பு?

கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள். நன்றி கெட்டதுகள்... காவிரித் தகராறில் பஸ் எரிந்த அன்றைக்கு இவர்களை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது யார், ஃபேக்டரி வண்டியில் ஏற்றி, இறங்கும் வரைக்கும் ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது, போன் வந்தாலும் எடுக்கக் கூடாது என்று மிரட்டி, ஒரு கீறல் படாமல் கொண்டுபோய் விட்டாளே, அன்றைக்குத்தானே எல்லோரும் இவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுவாரம் சேஷகிரி சார்கூட, நீங்க தமிழவங்க மாதிரியே இல்ல மேடம் என்றார், அதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னால் கிளிஃபர்ட், கட்டிய புருஷன், இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு என்று கேட்டு வாயை அடைத்தான், மூன்று நாள் அவனோடு பேசவில்லை... அன்றைக்கு அடக்கச் சொன்ன வாயைப் பிறகு திறந்துகொள்ளச் சொன்னாளா, சொன்ன ஞாபகம் இல்லை, இவளும் அன்றையிலிருந்து லைனில் பேசுவது கன்னடம்தான். எதிரே வந்து உட்கார்ந்தாள் ஜெயலட்சுமி. தமிழ்க்காரி, லைனிலேயே கெட்டிக்கார டெய்லர், அவள் ஓட்டு நிச்சயம் நம் கணக்கில்தான், அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

“ஊட்டா ஆய்த்தாக்கா?” என்றாள் ஜெயலட்சுமி, கன்னடத்தில்.

சாப்பாடு கிடக்கட்டும் டீ, நீ யாருக்குப் போட்ட என்று அல்போன்சா தமிழில் கேட்டுவிட்டாள். மழுப்புவாள், கண்ணைத் தாழ்த்துவாள் என்றுதான் நினைத்தாள். அவளோ சோற்றைப் பிசைந்துகொண்டே, ஷில்பாவுக்குத்தான் என்றாள், அடுத்த லைன் சூப்பர்வைசருக்கு. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “அவ கன்னடக்காரி டீ!” “தெரியும்க்கா. எங்கம்மா காரியத்துக்கு லீவு கேட்டேன், லைன் பூரா கேக்கற மாதிரி கன்னடத்துல ரஜெ இல்லா, லீவு கெடையாதுன்னு கத்துனீங்க. அவதான் அவ லைன்ல இருந்து ஒரு ஆள எம் மிஷின்ல உக்கார வச்சி, நீ ஆனேக்கல் போய்ட்டு வான்னா.” ஆமாம், கத்தினாள், கேட்கட்டும் என்றுதான் கத்தினாள், அதே வாரம் கன்னடக்காரி நாகரத்னாவுக்குக் கிரகப்பிரவேச லீவு கொடுத்தாள், ஜெயலட்சுமிக்கும் கொடுத்திருந்தால் தன் ஆட்களுக்குத்தான் சலுகை என்று ஒருத்தி பேசமாட்டாளா, அந்தப் பேச்சு வரக்கூடாதென்று இத்தனை வருஷமும் தமிழ்க்காரிகளை ஒரு பிடி கூடுதலாகவே இறுக்கிப் பிடித்தாள், அது தப்பா? “உங்களுக்காகத்தானடீ... நாம வெளியாளுங்க, நம்ம மேல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு...”

“யாருக்கா வெளியாளு? நான் இந்த ஊருக்காரி, பக்கத்துல ஆனேக்கல்லயே பொறந்தவ. ஷில்பாகிட்ட நிக்கும்போது எனக்கு அப்டித் தோணல. உங்க முன்னாடி வந்து நின்னாதான் தோணுது.” கோபமே இல்லாமல் சொன்னாள். ஊறுகாய் வேணுமா என்று பாக்ஸையும் நீட்டினாள்.

மணி அடித்தது. லைனுக்கு எப்படி நடந்து வந்தாள் என்றே தெரியவில்லை, இத்தனை வருஷமாக யாரைக் காப்பாற்றினேன், யாரிடமிருந்து... சரளா, லைனில் இன்னொரு தமிழ்க்காரி, மிஷினை விட்டு எழுந்து அல்போன்சாவின் பக்கத்தில் வந்தாள். அக்கா, கொழந்தைக்கு ஜுரம், நாலு மணிக்கு விடுவீங்களா என்று மெல்லக் கேட்டாள், தமிழில். போ என்று சொல்லத்தான் அல்போன்சா வாயெடுத்தாள், அதற்குள் தலை தானாக இடது பக்கம் திரும்பியது, பிறகு வலது பக்கம், யார் கேட்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்... நாகரத்னா குனிந்து காலர் ஓட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கோவிந்தப்பா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த லைனில் ஷில்பா யாருக்கோ பாபின் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. அப்படியானால் அன்றைக்கும், ஜெயலட்சுமி லீவு கேட்டு வந்து நின்ற அன்றைக்கும், யாருமே பார்த்துக்கொண்டிருக்கவில்லையா... சரளா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.