பதில் சொல்லாத ஒன்பது

...சர்வர் செத்ததா இல்லையா என்று கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமாம், மேனேஜர் புதிதாக ஸ்கேன் ஒன்று வாங்கியிருக்கிறார், அது உட்கார்ந்த இடத்திலிருந்தே நெட்வொர்க்கில் ஒவ்வொரு சர்வரையும் கூப்பிடும், பதில் வந்தால் உயிர், வராவிட்டால் பிணம், மதியத்துக்குள் வயரைப் பிடுங்கிவிடு... அந்தக் கணக்கில் அவன் மனைவியை எப்போதோ அடக்கம் செய்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் பாத்திரம் விழுகிற சத்தத்தில் எவ்வளவு உயிர்! அவன் வழி வேறு, சர்வர் அறையில் தாளோடு வரிசை வரிசையாக நடப்பான், குனிவான், பின்பக்கம் காற்று சுடுகிறதா என்று கை வைத்துப் பார்ப்பான்... "நீ என்ன நாடி பிடிக்கிற வைத்தியரா?" என்று போன வாரம் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார், கையோடு ஓர் எச்சரிக்கைக் கடிதம், இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லை. இதோ பட்டியலில் ஒன்பது பிணம், முதலாவது அடித்தட்டில், தொட்டால் சுடுகிறது, பிணம் சுடுமா? கடிதமும்தான் பையில் சுடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு வயரைப் பிடுங்கினான்.

டக். கதவுப் பக்கம் பூட்டு விழுந்தது. போய் அட்டையைத் தேய்த்தான், பச்சை விளக்கும் இல்லை, சிவப்பும் இல்லை... அடப்பாவி, இது கதவுகளைக் காக்கிற சர்வர், எவன் கூப்பிட்டாலும் வாய் திறக்காதே என்று சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள், காவல்காரன் கண்டவன் குரலுக்கும் ஏன் பதில் சொல்லப்போகிறான்? ஓடிவந்து வயரைச் சொருகினான், ஃபேன் அலறியது, எழுந்து உட்கார ஆறு நிமிடமாகும், ஆறு நிமிடத்தில் நல்ல பொய் ஒன்று கிடைக்காதா, எலி என்று சொல்லலாமா, இந்தக் குளிரில் எந்த எலி வரும்... ஆறு நிமிடம் முடிந்து கதவு திறந்தது, மேனேஜர், முகமெல்லாம் பல்.

"பாத்தியாய்யா, ஸ்கேன் புதுசா ஒரு மெஷினைக் கண்டுபிடிச்சிருக்கு! இவ்வளவு நாள் வாயே திறக்கல, என்ன பண்ணினே?"

கதவு சர்வர் எழுந்திருக்கும்போது, வாயைப் பொத்திக்கொள்வதற்கு முன்னால் அரை நிமிடம் ஸ்கேனிடம் உளறியிருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் யார்தான் உளறவில்லை... "ஒரு தடவை பிடுங்கிச் சொருகினேன் சார்," நாக்கு நழுவிவிட்டது.

"அப்படிப் போடு! மிச்சம் எட்டையும் அதே மாதிரி பிடுங்கிச் சொருகு, எல்லாம் தானா பேசும்."

வேலை தப்பியது... தப்பியதா? இரண்டாவதின் முதுகில் கை வைத்தான், நல்ல சூடு, இது எதைக் காக்கிறதோ, இவற்றையெல்லாம் வாயை மூடச் சொல்லி வைத்த ஆளைக் கேட்டால் தெரியும், ஆனால் அவரைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள், மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்று.